சைக்கிளில் போகும்போது போலீஸ் நிறுத்தினால்

விடியற்காலை நாலரை மணி. சேலம் அஸ்தம்பட்டி பக்கம் கேரியரில் பேப்பர் கட்டோடு ஒரு பையன் வருகிறான். ஓட்டுவது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள். ரோந்தில் இருக்கும் போலீஸ்காரர் நிறுத்தி, "வண்டிக்கு பில் இருக்கா?" என்கிறார் என்று வையுங்கள். பில்லுக்கு அவன் எங்கே போவான்?

கைகாட்டினால் நின்றுவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவும் வேண்டாம். ஹெல்மெட் இல்லை என்று அந்தச் சட்டத்தில் அபராதமும் போட முடியாது. ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் தலைக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். தாறுமாறாக ஓட்டி அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் சைக்கிள்காரர் மீதும் வழக்கு வரும்.

சரி, அந்த பில்? திருட்டு வண்டி என்று சந்தேகப்பட முகாந்திரம் இருந்தால்தான் சைக்கிளைக் கைப்பற்றலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி அதற்குப் பட்டியல் எழுதி, வீடியோ எடுத்து, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்டேஷன் சுவரில் சாத்திவைத்து "நாளைக்கு வா" என்று அனுப்புவது கைப்பற்றுதல் ஆகாது. பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் ஒரு எண் குத்தியிருக்கும். இன்றைக்கே துடைத்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைது என்று வந்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது, சைக்கிள்காரர் அடிபட்ட பிறகு நடப்பது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கார் உரசி கை முறிந்திருக்கும். "சைக்கிள்தானே, பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கவனக்குறைவாக ஓட்டிக் காயப்படுத்துவது கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். புகார் வந்தது என்று மட்டும் எழுதித் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடாகாது. எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை என்றும் மறுக்க முடியாது, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். பின்னால் நஷ்ட ஈடு கேட்கும்போது முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான். இடித்த வண்டி நிற்காமல் ஓடி, எதுவென்று தெரியாமலே போனாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் மத்திய அரசின் திட்டத்தில் உண்டு.

புகாரை வாங்க மறுத்தால் சேலம் மாநகர எல்லைக்கு போலீஸ் கமிஷனருக்கும், ஏற்காடு போன்ற இடங்களுக்கு மாவட்ட எஸ்.பி.க்கும் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்தால் போதும்.