'லிசன்' என்றால் கேள், 'ஆஸ்க்' என்றாலும் கேள்

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் என் ஆங்கில வகுப்புக்கு ஒரு தந்தை மகளைக் கூட்டிவந்தார். தரம் 7, தமிழ்மொழி மூலம். "ரீச்சர், பிள்ளை இங்கிலிஷில் கெட்டிக்காரி. எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் சொல்லைக் கண்டுபிடிக்கிற கேமில் 812ஆவது லெவலுக்கு வந்துவிட்டாள்" என்று போனை நீட்டினார்.

நான் எல், ஐ, எஸ், ரி (T), இ, என் என்ற ஆறு எழுத்துகளையும் தாளில் கலைத்து எழுதினேன். எழுதி முடிக்கும் முன்னமே பிள்ளை 'லிஸ்டன்' என்றாள். அடுத்து 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'ரின்சல்'. நாலும் அதே ஆறு எழுத்துகள்தான். எனக்கே ஆச்சரியம்.

"ரின்சல் என்றால் என்னம்மா?"

"தெரியாது ரீச்சர். அது போனஸ் சொல். கொயின் கிடைக்கும்."

"சரி, முதல் சொன்னதற்கு?"

"கேள்."

கருத்து சரிதான். அந்தச் சொல்லில் ரி ஒலிக்காது, 'லிசன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பதைக் கேம் சொல்லிக்கொடுக்கவில்லை, அது வேறு கதை. கொப்பியைப் புரட்டினேன். 'லிசன்' என்றால் கேள். மூன்று பக்கம் தள்ளி, 'ஹியர்' என்றால் கேள். அதற்குக் கீழே 'ஆஸ்க்' என்றாலும் கேள். ஒரு வசனம் எழுதச் சொன்னேன். 'ஐ லிசன்ட் மை ரீச்சர் எ குவெஸ்ஷன்' என்று எழுதினாள். ரீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன் என்று சொல்ல வந்திருக்கிறாள். பிள்ளையில் பிழையே இல்லை. அவளுக்குக் கிடைத்த கருத்துப்படி அது மிகச் சரியான வசனம்.

இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நாலாவது பிள்ளை இவள். எனக்குப் பொறுக்கவில்லை.

எழுத்துகளை அடுக்கினால் சொல்வளம் பெருகும் என்று யார் சொன்னது? கொஞ்சம் யோசியுங்கள். ஆறு வெவ்வேறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம். அதில் சரியானது எதுவென்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அந்தச் சொல் அவளுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த சொல்லைக் கண்டுபிடித்தால் புதிதாக எதுவும் படிக்கவில்லை. தெரியாத சொல் என்றால் விரலை அங்கும் இங்கும் இழுத்துப் பார்ப்பாள், ஏதோ ஒன்று பொருந்தும், மணி அடிக்கும். பொருந்தாவிட்டால் ஒரு விளம்பரத்தைப் பார்த்து உதவி வாங்குவாள். இதில் கருத்து எங்கே நுழைந்தது? கேம் கருத்தைக் காட்டுகிறது என்பீர்கள். காட்டும், ஒரு வரியில். அடுத்த லெவலுக்கு ஓடுகிற பிள்ளை அதை வாசிக்கவா போகிறது?

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? நைஜல் ரிச்சர்ட்ஸ் என்றொரு நியூசிலாந்துக்காரர். ஸ்கிரபிள் என்பது எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற பலகை விளையாட்டு. 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிரபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். நான் ஸ்கிரபிளை வெறுக்கிறவள் அல்ல, ஞாயிறு பின்னேரங்களில் வீட்டில் விளையாடுகிறவள்தான். ஆனால் எழுத்து விளையாட்டு ஒரு திறமை, மொழி இன்னொரு திறமை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றது வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அதற்காக இந்தப் பயிற்சி வீண் என்றும் சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டலுக்கு உதவும், சரியாகச் செய்தால். தமிழில் ம், ட, ப என்று கலைத்துக் கொடுங்கள். நம் பிள்ளை ஒரு நொடியில் 'படம்' என்னும். ஏன்? புள்ளி வைத்த எழுத்து முதலில் வராது, 'ட' தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது அதன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படி வழக்கங்கள் உண்டு. கியூவுக்குப் பின்னால் அநேகமாக யூ வரும். என்-ஜி சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் வராது. சி-கேயும் அப்படித்தான். எஸ்-எச், ரி-எச் இரண்டும் எழுத்தில் இரண்டு, ஒலியில் ஒன்று. இவற்றைச் சொல்லிக்கொடுத்து, எழுத்துகளைச் சோடியாகப் பார்க்கப் பழக்கினால் பிள்ளை ஊகிக்கும். இல்லாவிட்டால் தட்டிக்கொண்டே இருக்கும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. சொல்லை முதலில் ஒரு வசனத்துக்குள் காட்டுங்கள், பிறகு கலையுங்கள். கண்டுபிடித்த சொல்லுக்கு அகராதியைப் பார்த்து ஒற்றைத் தமிழ்ச்சொல் எழுத விடாதீர்கள். அவள் வீட்டைப் பற்றி, அவள் பூனையைப் பற்றி ஒரு வசனம் எழுதட்டும். 'லீவ்' என்றால் விடுமுறை என்று மட்டும் எழுதிவைத்த ஒரு பையன், சப்பாத்துகளை வெளியே விடச் சொல்லும் அறிவித்தலை வாசித்துவிட்டு, "சப்பாத்துக்கும் லீவா ரீச்சர்?" என்று என்னைக் கேட்டான். ஒரு நாளைக்கு இருபது சொல் என்று கணக்கு வைக்காதீர்கள், மூன்று போதும்.

கொழும்பில் இருந்துகொண்டு கேமுக்குக் காசு கட்டுகிறீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. பால்மா பைக்கற்றில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியும் இருக்கிறது. 'ஸ்டோர்' என்றால் கடை என்று படித்த பிள்ளை, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் வரியில் அதே சொல்லைப் பார்க்கட்டும். புகையிரத நிலையத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில் பலகைகள் தொங்குகின்றன. ஆங்கிலத்தையும் தமிழையும் ஒப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சில பலகைகளில் தமிழ் பிழையாக இருக்கும். அதையும் பிடிக்கட்டும், பிள்ளைகளுக்கு அது பெரிய குஷி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத்தையும் ஒலியையும் இணைக்கவே திணறுகிற பிள்ளையிடம் கலைந்த எழுத்துகளைக் கொடுத்து, "இதுகூடத் தெரியாதா?" என்று ஏசாதீர்கள். அது சோம்பல் அல்ல. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமாகவும் இருக்கலாம். வகுப்பாசிரியரோடு கதையுங்கள், தேவையென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு 'ரின்சல்' என்றால் நத்தார் மரத்தில் சுற்றுகிற மினுமினுப்பு நாடா என்று சொன்னேன். "ஐயோ, அதுவா! எங்கள் தொடர்மாடி வாசலில் கட்டுவார்களே" என்று சிரித்தாள். இனி மறக்கமாட்டாள்.

நேற்று அவளுடைய அப்பா அழைத்தார். நான் சொன்னதைக் கேட்டுப் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். நான் அப்படிச் சொல்லவே இல்லை, ஐயா. போனைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, நீங்களும் பத்து நிமிடம் உட்காருங்கள்.