கதையை ஒளித்து வைத்துக்கொண்டு வகுப்புக்கு வராதீர்கள்

என் திரைக்கதை வகுப்பின் இந்த பேட்சிலும் ஒருவர் வந்துவிட்டார். நாலு வருடமாக மனதில் ஒரு கதை இருக்கிறதாம். எழுதியது ஒரு பக்கம்கூடக் கிடையாது. வகுப்பில் சொல்லுங்கள் என்றால், "யாராவது சுட்டுடுவாங்க சார்" என்கிறார்.

திரைக்கதை படிக்க வருகிறவர்களே, ஒன்லைனுக்கு, அதாவது ஒரே வரியில் சொல்லும் கதைக்கு, காப்பிரைட் கிடையாது. 'இறந்துபோன அப்பாவின் கடனை அடைக்கக் கிளம்பும் மகள்' என்பது வெறும் யோசனை. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சட்டம் காப்பது நீங்கள் எழுதிய வடிவத்தை மட்டும்தான். காப்பிரைட்டுக்காக 1886-இல் உருவான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அந்த உரிமையைப் பெறப் பதிவு செய்தாக வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. பதிவு, பின்னால் தகராறு வந்தால் ஆதாரமாக உதவும். திருட்டு நடக்கிறது, மறுக்கவில்லை. பயமாக இருந்தால் எழுதுங்கள், ஒவ்வொரு டிராஃப்டையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். மனதிலேயே இருக்கும் கதைக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

அந்த மகள் கதையை ஒருமுறை வகுப்பு முழுவதற்கும் பயிற்சியாகக் கொடுத்தேன். ஒருவர் கடன் நோட்டிலிருந்து தொடங்கினார். இன்னொருவரின் முதல் காட்சியில், சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் கடன் கொடுத்தவர். எந்த இரண்டு ஸ்கிரிப்டும் ஒன்றுபோல இல்லை.

அடுத்து, 'நினைக்கிறான்', 'வருந்துகிறான்' என்று எழுதுவது. கேமராவுக்கு அது தெரியாது. 'அப்பாவை நினைத்து வருந்துகிறாள்' என்று எழுதி வந்த மாணவியிடம், "நான் எதைப் பார்ப்பேன்?" என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு மாற்றினார்: 'இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள்.' அவ்வளவுதான், காட்சி வந்துவிட்டது.

ஃபார்மட்டுக்காக, அதாவது காட்சியையும் வசனத்தையும் பக்கத்தில் அமைக்கும் முறைக்காக, தூக்கம் கெட வேண்டாம், மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்ற கணக்கு தெரிந்தால் போதும். அது அந்த ஃபார்மட்டில் எழுதினால்தான் பொருந்தும், அதுவும் தோராயமாகத்தான். ஷாட்களை நீங்கள் பிரிக்காதீர்கள், அது இயக்குநர் வேலை. வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டுங்கள். மற்றவர்கள் குறை சொல்லும்போது குறுக்கே பேசி விளக்கம் கொடுக்காதீர்கள். தியேட்டரில் ஒவ்வொரு ரசிகர் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்கவா போகிறீர்கள்?

முதல் நாள் மூன்று பக்கம் கொண்டு வாருங்கள். மோசமாக இருக்கட்டும், பாதியில் நிற்கட்டும், சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யலாம். தயவுசெய்து வெறுங்கையோடு மட்டும் வராதீர்கள்.