சோலை வரி ரிசீட்டு காணி உறுதி ஆகாது

போன வாரமும் ஒருவர் வந்தார். கையில் சோலை வரி (வீடு, காணிக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரி) ரிசீட்டு, கரண்ட் பில், கிராம சேவகர் கடிதம். "காணி எண்ட பேரிலதான் சேர், எல்லாம் இருக்கு." உறுதி எங்கே என்றால், விற்றவர் கட்டாரில் நிற்கிறாராம், லீவில் வந்ததும் எழுதித் தருவாராம். இதற்கிடையில் மகளுக்கான சீதன வீடு லிண்டல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. அவர் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அங்குள்ள தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒப்பமிட்டு அனுப்பலாமே!

மட்டக்களப்பின் கடலோரத் தென்னந்தோட்டங்கள் ஊராக மாறிய கதை நமக்குத் தெரியும். 1978 நவம்பர் சூறாவளி மரங்களைச் சாய்த்தது, யுத்தத்தில் தோட்டம் பார்க்க ஆளில்லை, 2004 இல் சுனாமி. யுத்தம் முடிந்து காணி விலை ஏறியதும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச். 10 பேர்ச்சாக வெட்டினால், ஒழுங்கைக்கு விட்டது போக 12, 13 வீடு வரும். ஊர் வளர்வது நல்லதுதான். ஆனால் காணி இன்னும் யாரோ ஒருவரின் அப்பப்பா பேரில் கிடக்கிறது. அவருடைய ஆறு பிள்ளைகளில் ஒருவர் வேலி போட்டுக் காட்டிய மூலையை நீங்கள் வாங்குகிறீர்கள். அவரால் விற்க முடிந்தது தன் பிரிபடாத பங்கை மட்டும்தான். அந்த மூலையை அல்ல.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "10 வருசம் இருந்தா காணி நமக்குத்தானே?" இல்லை. நீண்டகாலம் ஆண்டதால் வரும் ஆட்சியுரிமை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கேட்பது வெறும் 10 வருட இருப்பை அல்ல. உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஒப்புக்கொள்ளாமல், இடைவிடாமல் ஆண்டிருக்க வேண்டும். தோட்டம் பார்க்கச் சொல்லி விடப்பட்டவர் 40 வருடம் இருந்தாலும் அது அனுமதி பெற்ற இருப்புத்தான். கூட்டு உரிமையாளர் ஒருவர் ஆண்டால் அது எல்லோருக்காகவும் ஆண்டதாகவே கொள்ளப்படும் என்று 1911 இல் கோரியா எதிர் அப்புஹாமி வழக்கிலேயே தீர்ந்துவிட்டது. அரச காணியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. "ஆட்சி உறுதி முடிச்சிட்டம்" என்பார்கள். அது உங்களைப் பற்றி நீங்களே சொன்ன வாக்குமூலம், அவ்வளவுதான். ஆட்சியுரிமை உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்லும். (இதையெல்லாம் விளக்காமல் காசு வாங்கி எழுதிக் கொடுப்பவர்களும் உறுதி எழுதும் என் தொழிலில்தான் இருக்கிறார்கள். வெட்கம்.)

சரி, அட்வான்ஸ் கொடுக்க முன்னர் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குத் தேடுங்கள். பெர்மிட் காணி (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதியது 1840 இலிருந்தே செல்லாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியையும் பாருங்கள். பிரதேச சபை தந்த கட்டட அனுமதி வேறு, இது வேறு.

ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் கீறி, பங்காளிகள் எல்லோரும் ஒப்பமிட்டுப் பிரிவினை உறுதி முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான், அது எத்தனை வருடம் இழுக்கும் என்று கேட்காதீர்கள். ஒப்பமிட வேண்டியவர்களில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். ஒருவர் கண்ணை மூடினால், பிறகு அவருடைய பிள்ளைகள் அத்தனை பேரையும் தேடி அலைய வேண்டி வரும்.