10.0.2.15-க்கு ஏன் பிங் போவதில்லை?

"விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு நிறுவியிருக்கிறேன். உள்ளே இணையம் நன்றாக வருகிறது. ஆனால் விண்டோஸிலிருந்து 10.0.2.15-க்குப் பிங் அடித்தால் பதிலே இல்லை. கோப்பை எப்படி உள்ளே அனுப்புவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விர்ச்சுவல்பாக்ஸ், ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை (மெஷினை) ஓட்டும் நிரல். அதன் என்.ஏ.டி. முறையில், அதாவது உள்ளிருக்கும் மெஷின் வெளிக் கணினியின் பெயரிலேயே இணையத்தோடு பேசும் முறையில், அந்த முகவரிக்கு வெளியிலிருந்து போக வழியே கிடையாது. எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் விண்டோஸின் ரவுட்டிங் அட்டவணையில் 10.0.2.0 என்ற வலையமைப்பு இல்லை. பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) வீட்டு ரவுட்டர் பக்கம் போய்த் தொலைந்துவிடும்.

அப்படியானால் உபுண்டுவுக்கு மட்டும் இணையம் எப்படி வருகிறது? உள்ளே உலாவியில் ஒரு தளத்தைத் திறந்ததும், இணைப்புக் கேட்கும் எஸ்.ஒய்.என். பாக்கெட் கிளம்புகிறது. அது எந்தக் கம்பியிலும் ஏறுவதில்லை. மெய்நிகர் நெட்வொர்க் கார்டுக்குப் பின்னால் காத்திருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரல் அதை வாங்கி, எந்த முகவரி, எந்த போர்ட் (அங்கே ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) என்று பார்க்கிறது. பிறகு குரோம் செய்வதைப் போலவே விண்டோஸிடம் ஒரு சாதாரண சாக்கெட் (இணைப்பின் முனை) கேட்டு, அந்தத் தளத்தோடு தானே இணைகிறது. இணைப்பு கிடைத்ததும், தளமே பேசுவதுபோல ஒரு பதில் பாக்கெட்டைத் தயாரித்து உபுண்டுவிடம் நீட்டுகிறது. உபுண்டு காண்பது ஒரு டி.சி.பி. இணைப்பு, விண்டோஸ் காண்பது வேறொன்று. நடுவில் பைட்டுகள் மட்டும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றப்படுகின்றன.

இந்த உத்தியின் வேர் 1990-களில் டேனி கஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லிர்ப். டயல்-அப் காலத்தில் வெறும் கட்டளைத் திரை மட்டும் கிடைத்தவர்களுக்கு அதையே முழு இணைய இணைப்பாக மாற்றித் தந்த நிரல் அது.

விண்டோஸில் வி.பி.என். போட்டால் உபுண்டுவும் அதன் வழியே போவதற்கும், இரண்டு மெஷின்கள் ஒரே 10.0.2.15-ஐ வைத்துக்கொண்டு மோதாமல் ஓடுவதற்கும் நடுவில் நிற்கும் இந்த நிரலே காரணம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி இடைத்தரகர். கல்லூரிகளில் வலையமைப்புப் பாடத்தின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பாதியை இதைப் பிரித்துக் காட்டச் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கோப்பு. வெளியிலிருந்து உள்ளே வர, விர்ச்சுவல்பாக்ஸ் நிரலையே ஒரு போர்ட்டில் காத்திருக்கச் சொல்ல வேண்டும். மெஷினின் நெட்வொர்க் அமைப்பில் 'போர்ட் ஃபார்வர்டிங்' திறந்து ஒரு வரி சேருங்கள் (ஹோஸ்ட் என்பது விண்டோஸ், கெஸ்ட் என்பது உபுண்டு): டி.சி.பி., ஹோஸ்ட் ஐ.பி. 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி), ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. கெஸ்ட் ஐ.பி. காலியாக இருக்கலாம். ஹோஸ்ட் ஐ.பி.யைக் காலியாக விட்டால் அதே வைஃபையில் உள்ள மற்றவர்களும் அந்தக் கதவைத் தட்ட முடியும். இரண்டாவது மெஷினுக்கு 2223 கொடுங்கள்.

22-ஆம் போர்ட்டில் காத்திருந்து வெளியிலிருந்து உள்நுழைய விடுவது ஓப்பன்-எஸ்.எஸ்.ஹெச். சர்வர். உபுண்டு டெஸ்க்டாப்பில் அது தானாக வராது, நிறுவ வேண்டும். மறந்தால் இணைப்பு கிடைத்த மாதிரி தெரிந்து உடனே அறுந்துவிடும். 2222-இல் பேச்சை ஏற்றது விர்ச்சுவல்பாக்ஸ். உள்ளே 22-இல் ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

அனுப்ப, எஸ்.எஸ்.ஹெச். வழியே கோப்பை நகலெடுக்கும் எஸ்.சி.பி. கட்டளை போதும். ஆனால் அதில் போர்ட்டுக்குப் பெரிய 'பி' எழுத்து, எஸ்.எஸ்.ஹெச்.சில் சிறிய 'பி'. மாற்றிப் போட்டால் எஸ்.சி.பி. 2222-ஐ ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, 22-ஆம் போர்ட்டைத் தேடிப்போய்த் தோற்கும். பலர் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பது இந்த ஓரெழுத்துப் பிழைக்காகத்தான். தினமும் கோப்புகள் போய்வர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பகிரும் ஷேர்டு ஃபோல்டர் மேல். அதற்கு, உபுண்டுவுக்குள் நிறுவும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரல்கள் வேண்டும்.

எஸ்.எஸ்.ஹெச். வழியே உள்ளே நுழைந்ததும் யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்று காட்டும் 'ஹூ' கட்டளை கொடுத்துப் பாருங்கள். நீங்கள் வந்த இடம் 127.0.0.1 என்று இராது, 10.0.2.2 என்று இருக்கும். உபுண்டுவைப் பொறுத்தவரை உங்கள் கணினியின் முகவரியே அதுதான்.