மருந்தடிக்கும் கூலியாளுக்குச் சட்டம் தரும் உரிமை

முதுகில் மாட்டிய டேங்கின் மூடி சரியாக இறுகவில்லை. நடக்க நடக்க மருந்து சொட்டிச் சட்டை நனைகிறது, இடுப்பு வழியாக லுங்கிக்குள்ளும் இறங்குகிறது. "வாயிலயா போச்சு, தோல்லதானே பட்டுது" என்று அதே துணியோடு மிச்ச வயலையும் அடித்து முடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

தோலைச் சுவர்போல நம்புவதால் வரும் வினை இது. தோலின் மேலடுக்கிலும் செல்களைச் சுற்றியுள்ள சவ்விலும் கொழுப்பு நிறைந்திருக்கிறது. அதனால் தண்ணீர் எளிதில் நுழையாது. கொழுப்பில் கரையும் குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சி மருந்து, செறிவு அதிகமான வெளிப்பக்கத்திலிருந்து தானாகவே உள்ளே ஊறி ரத்தத்தில் கலந்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஊறுவதும் இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து மனிதர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1971-இல் வெளியானது. முன்கையில் தடவியதில் சுமார் 9 விழுக்காடு உள்ளே போனது. நெற்றியில் 36, அக்குளில் 64, விதைப்பையில் ஏறத்தாழ முழுவதும். நனைந்த லுங்கியை உடனே மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தியாவில் பூச்சிக்கொல்லி விதிகள் வந்ததும் அதே 1971-இல்தான். மருந்தைக் கையாளுபவருக்கு, அது ஊடுருவாத, துவைக்கக்கூடிய பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது விதி 39. மேலங்கி, தொப்பி, முன்கையின் பாதிவரை வரும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு முழு உடை. மூக்கில் கட்டிய துண்டு இதற்கு ஈடாகாது. தெளிப்பு வேலைக்குச் சேருமுன்னும் பிறகு அவ்வப்போதும் மருத்துவப் பரிசோதனை உண்டு (விதி 37). ஒப்பந்தத்துக்கு மருந்தடித்துக் கொடுப்பவர் தம் ஆட்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் (விதி 42). கூச்சப்படாமல் கேளுங்கள், இது யாரும் போடும் பிச்சை அல்ல.

டப்பாவில் உள்ள முக்கோணத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. விழுங்கினால் எவ்வளவு நஞ்சு என்பதோடு, தோலில் பட்டால் எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்தே இந்த நிறம் தரப்படுகிறது. பச்சை என்றாலும் உடை வேண்டும்.

மேலே பட்டுவிட்டால் துணியைக் கழற்றிவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொழுப்பில் கரையும் மருந்து வெறும் தண்ணீரில் சரியாகப் போகாது. எச்சில் ஒழுகல், அதிக வியர்வை, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லேபிளையும் உள்ளே வைத்திருக்கும் துண்டுச்சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முறிவு மருந்து எது என்பதை அவற்றில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் விதிதான்.