பெட்ரோல் விலையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் 9/10: பில்லில் எப்படிக் கணக்காகிறது?

அமெரிக்க பெட்ரோல் பங்க் பலகையில் 3.49 டாலர் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 9/10 என்று இருக்கும். அதாவது ஒரு கேலன் 3.499 டாலர். ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்குக்கு நாணயமே கிடையாதே, எப்படி வாங்குகிறார்கள்?

பின்னம் இருப்பது கேலன் விலையில்தான், பில்லில் வராது. போட்ட அளவை 3.499ஆல் பெருக்கி, வரும் மொத்தத்தை ஒரே ஒரு முறை அருகிலுள்ள சென்டுக்கு ரவுண்ட் செய்கிறது மீட்டர். 10.36 கேலன் போட்டால் 36.24964 டாலர் வரும், பில் 36.25. விலையை 3.50 என்றே வைத்திருந்தால் 36.26 ஆகியிருக்கும், ஒரு சென்ட்தான் கூடுதல். ஆனால் பொடி எழுத்தைக் கவனிக்காமல் 3.49 என்று மனக்கணக்குப் போட்டவர் 36.16தான் எதிர்பார்த்திருப்பார். ஒரே ஒரு கேலன் போடுபவருக்கோ 3.499 என்பது 3.50 ஆகிவிடும், சொன்ன குறைப்பு கைக்கு வராது.

ரவுண்ட் செய்வதில் மோசடி இல்லை. ஒருமுறை நமக்குச் சாதகம், மறுமுறை பங்குக்கு. என்னைக் கேட்டால், குறை பலகையில்தான் இருக்கிறது.

டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘மில்’ என்று 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டமே வரையறுத்தது. மத்திய அரசு அதற்கு நாணயம் அடித்ததில்லை. கேலன் 20 சென்டுக்கும் குறைவாக விற்ற காலத்தில், அதாவது மத்திய அரசு முதன்முதலாக ஒரு சென்ட் வரி போட்ட 1932 வாக்கில், பத்தில் ஒரு சென்டுக்கும் மதிப்பு இருந்தது. இன்று மத்திய வரி 18.4 சென்ட். அதில் 0.1 சென்ட், கசியும் நிலத்தடி எரிபொருள் தொட்டிகளைச் சீர்செய்யும் நிதிக்குப் போகிறது. அற்பமாகத் தோன்றும், ஆனால் ஆண்டுக்கு 13,000 கோடி கேலன் விற்கும் நாட்டில் அந்த 0.1 சென்டே 13 கோடி டாலர். அயோவா மாநிலம் 1985இல் பின்ன விலையைத் தடை செய்து பார்த்தது, பிறகு கைவிட்டது.

ஜெர்மனியிலும் லிட்டர் விலை மூன்று தசமத்தில், கடைசியில் 9 போட்டுத்தான் வரும். ஆஸ்திரேலியாவிலும் சென்டில் பத்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். அங்கே இன்னொரு படியும் உண்டு: 1, 2 சென்ட் நாணயங்கள் 1992 முதல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகை 5 சென்டுக்கு ரவுண்ட் ஆகும். கார்டில் கட்டினால் உள்ளபடியே. கனடாவில் 2013 முதல் இதே நடைமுறைதான்.

பில்லைச் சரிபார்க்க, அளவைப் பின்னத்தோடு கூடிய விலையால் பெருக்கி, கடைசியில் மட்டும் ரவுண்ட் செய்யுங்கள். அரை சென்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது ரவுண்ட் செய்ததால் வந்ததல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்களில் எடையளவு ஆய்வுத் துறையின் ஸ்டிக்கர் மீட்டரிலேயே ஒட்டியிருக்கும். ரசீதோடு அங்கே புகார் கொடுக்கலாம்.