செவிமடுப்பி: ‘மெசேஜ் லிசனர்’ என்பதன் பொருளும் தமிழும்

ஜாவா என்னும் கணினி மொழியின் நிரலர்கள் நாள்தோறும் புழங்கும் ‘லிசனர்’ (செய்தி வரும்போது இயங்கக் காத்திருக்கும் நிரல்பகுதி) என்ற சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது, பலரும் ‘கேட்பான்’ என்றோ ‘கேட்பி’ என்றோ எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது என்பதே என் கருத்து. காரணம் ‘கேள்’ என்னும் வேரிலேயே இருக்கிறது. தமிழில் வினவுவதும் கேட்டல்தான், காதில் வாங்குவதும் கேட்டல்தான். திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் செவியால் அறிவதைப் போற்றுகிறது. இன்றோ கேள்வி என்றதும் வினாவே நினைவுக்கு வருகிறது.

பேச்சில் இந்த இரட்டைப் பொருளால் இடர் இல்லை. ஆனால் நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்கான ஜாவா வரையறையான ஜே.எம்.எஸ்ஸில் (ஜாவா மெசேஜ் சர்வீஸ்) இவ்விரண்டும் எதிரெதிரான இரு வழிகள். ‘ரிசீவ்’ மெத்தடை (பெயர்சொல்லி அழைக்கப்படும் செயற்பகுதி) அழைக்கும் நிரல், செய்தி உண்டா என்று, செய்திகள் காத்திருக்கும் வரிசையிடம் வினவி, வரும்வரை அங்கேயே நின்றுவிடுகிறது. லிசனர் வினவுவதில்லை. ‘மெசேஜ்லிசனர்’ இன்டர்ஃபேஸின்படி (எந்த மெத்தட்கள் இருக்கவேண்டும் என்னும் வரையறை) ஒரு கிளாஸை (நிரலின் ஓர் அலகு) எழுதி, அதை ‘செட்மெசேஜ்லிசனர்’ வழியாகப் பதிந்துவைத்தால், செய்தி வரும்போதெல்லாம் அதன் ‘ஆன்மெசேஜ்’ மெத்தட் அழைக்கப்படும். அதுவரை நிரலின் பிற வேலைகள் தடையின்றி நடக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டிய இடத்தில் இரண்டுக்கும் பொதுவான வேரை வைப்பது வாசகரைக் குழப்பும்.

எனவே ‘செவிமடுப்பி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். கணினி, செயலி ஆகியவற்றில் உள்ள அதே ‘இ’ விகுதிதான் இதிலும் உள்ளது. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல். ஒலி காதில் விழுவதோடு நில்லாமல் உள்ளே ஏற்கப்படுவதே செவிமடுத்தல். ஜே.எம்.எஸ்ஸின் தானியங்கி ஒப்புகை முறையிலும் ‘ஆன்மெசேஜ்’ பிழையின்றி முடிந்த பிறகே செய்தி பெறப்பட்டதாக ஒப்புகை செல்கிறது. இடையில் பிழை எறியப்பட்டால் அச்செய்தி மீண்டும் அனுப்பப்படலாம். வந்து சேர்ந்தது வேறு, உட்கொள்ளப்பட்டது வேறு என்பதை இச்சொல் தன்னுள்ளேயே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

லிசனர் இப்படிக் காத்திராமல் இயங்குவதைக் குறிக்க உடன்வரும் ‘அசின்க்ரனஸ்’ என்ற சொல் கிரேக்க வேர்களைக் கொண்டது: ‘அ’ இன்மை, ‘சின்’ உடன், ‘க்ரோனோஸ்’ காலம். ‘ஒத்திசையா’ என்று எழுதினால் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இணக்கமில்லை என்று தொனிக்கிறது. உண்மையில் அவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘ஒத்தியங்கா’ என்பதே தகும்.

பெருநிறுவனச் செயலிகளில் செவிமடுப்பியை நாமே பதிவதில்லை. 2001இல் வெளிவந்த ஈ.ஜே.பி. (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) 2.0 வரையறை அறிமுகப்படுத்திய ‘மெசேஜ் டிரிவன் பீன்’ முறையில் அந்தப் பொறுப்பைக் கன்டெய்னர் (செயலியைத் தாங்கி இயக்கும் மென்பொருள்) ஏற்கிறது. ஸ்பிரிங் என்னும் ஜாவா கட்டமைப்பில், நிரலில் இடும் ‘ஜேஎம்எஸ்லிசனர்’ குறிப்பு (அனோடேஷன்) அதே பணியைச் செய்கிறது.

கன்டெய்னர் இல்லாத தனி நிரலில், செவிமடுப்பியைப் பதிந்தபின் செய்திச் சேவையகத்துடனான இணைப்பின் ‘ஸ்டார்ட்’ மெத்தடை அழைக்க மறந்தால், பிழைச்செய்தி ஏதும் இல்லாமலே வரிசையில் செய்திகள் தேங்கிக்கிடக்கும். அங்கே ‘செவிமடுக்கத் தொடங்கவில்லை’ என்று தமிழில் குறிப்பெழுதினால், எதைத் திருத்தவேண்டும் என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.